வழக்கமும் பழக்கமும்



ஆங்கிலம் கற்கப் புகுவோர் நெடிய சொற்களைக் கண்டு அஞ்சுவர். வாய்க்குள் அடங்காத ஒரு சொல் பாடப் புத்தகத்தில் வந்துவிட்டால் வகுப்பு முழுவதும் பெருமூச்சு விடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருந்துவரும் எனக்கு அத்தகைய சொற்களிடத்தே அச்சமில்லை. அவை நேர்மையானவை, தம்மை அறியாதவனை நேரே அகராதிக்கு அனுப்பிவிடுகின்றன. அஞ்சத்தக்கவை, அறிந்தவை என்று நாம் எண்ணி அகராதியைத் திறவாமலே எடுத்தாளும் சிறிய சொற்கள்தாம். அத்தகைய ஒரு தொடரைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். இரண்டே சொற்களால் ஆன 'யூஸ்ட் டு' என்னும் ஆங்கிலத் தொடர் அது.

இத்தொடரை நாம் நாள்தோறும் கேட்கிறோம். விண்ணப்பக் கடிதங்களிலும் பரீட்சை விடைத்தாள்களிலும் அலுவலக அறிக்கைகளிலும் காண்கிறோம். நன்கு கற்றோரும் இதனைப் பிழைபட வழங்குவதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சிறிய பிழையால் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடையாக, என் பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலிற் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் மாலை அவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். ஓர் அலுவலகத்திற் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றி வந்தவர். வகுப்பில் முன்வரிசையில் இருந்து படித்தவர். அச்சடித்தாற் போன்ற கையெழுத்து. அன்று அவர் முகம் வாடியிருந்தது. கையில் ஒரு கடித உறை இருந்தது.

"இரும் தம்பி, என்ன சங்கதி?" என்றேன்.

"சேர், இதை ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. நான் எழுதினதில் என்ன பிழை?" என்று கடிதத்தை நீட்டினார்.

நடந்தது இதுதான். அவர் பொறுப்பிலிருந்த களஞ்சியத்திற் சில பொருள்கள் காணாமற் போயின. எழுத்து மூலம் விளக்கந் தருமாறு தலைமை அலுவலகம் அவரைக் கேட்டது. கேட்ட கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வகுத்தது. ஆதலின் அவர் தமிழிலேயே விளக்கம் எழுதியிருக்கலாம். ஆயினும் மொழிபெயர்ப்பினால் வரும் தாமதத்தை அஞ்சியும், தமது ஆங்கில அறிவில் நம்பிக்கை வைத்தும், ஆங்கிலத்திலேயே எழுதினார். அவர் எழுதிய விளக்கத்தின் நடுவே ஒரு வாக்கியம் இருந்தது: 'ஐ யூஸ்ட் டு லொக் த ஸ்டோர் எவ்ரி ஈவினிங்.'

ஒவ்வொரு நாள் மாலையும் களஞ்சியத்தைப் பூட்டுவது என் வழக்கம் என்பதே அவர் சொல்ல விரும்பியது. ஆனால் ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் அதனை எவ்வாறு வாசிப்பார்? 'ஒரு காலத்தில் நான் நாள்தோறும் மாலையிற் களஞ்சியத்தைப் பூட்டிவந்தேன். இப்பொழுது பூட்டுவதில்லை' என்றே வாசிப்பார். அவ்வாறே வாசித்தும் விட்டார்கள். பூட்டும் வழக்கத்தைக் கைவிட்டதாக நீரே ஒப்புக்கொண்டிருக்கின்றீர் என்று குறிப்பிட்டு, விசாரணை முடியும் வரை அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள்.

"நான் ஒவ்வொரு நாளும் பூட்டுறனான் சேர். அதைத்தானே எழுதினேன்? யூஸ்ட் டு எண்டால் வழக்கம் எண்டு நீங்கள்தானே படிப்பித்தனீங்கள்?" என்றார் அவர்.

என்மீது குறைகூறும் எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமற் கேட்டார். அதனாலேயே அக்கேள்வி என்னை மிகவும் வருத்தியது. அவர் சென்றபின் என் பழைய பாடக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். அவர் படித்த ஆண்டின் குறிப்பேட்டில், என் கையெழுத்திலேயே, 'யூஸ்ட் டு: வழக்கம்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நேயர்களே, நான் எழுதி வைத்தது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. பாதி உண்மை எவ்வாறு ஒரு மனிதனைத் துன்பத்தில் ஆழ்த்தியது என்பதைச் சற்று ஆராய்வோம்.

தமிழில் நாம் வழக்கத்தை எவ்வாறு கூறுகிறோம்? 'தந்தையார் காலையிற் கோப்பி குடிப்பார்' என்கிறோம். இது இன்றும் நடைபெறும் வழக்கம். 'அந்த நாளிற் பாட்டனார் கதிர்காமத்துக்கு நடந்தே போவார்' என்றும் சொல்கிறோம். பாட்டனார் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இருந்தும் 'போவார்' என்றே சொல்கிறோம். 'குடிப்பார்', 'போவார்' என்னும் இரண்டும் வடிவத்தால் எதிர்கால வினைமுற்றுகள். இங்கு இரண்டுமே எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, வழக்கத்தைக் குறிக்கின்றன. அவ்வழக்கம் இன்றும் உண்டா, அன்றே நின்றுவிட்டதா என்பதை வினை சொல்வதில்லை. 'அந்த நாளில்' என்பது போன்ற ஒரு சொல்லோ, பேச்சின் சூழலோதான் அதைச் சொல்லும். 'வழக்கம்' என்னும் பெயர்ச்சொல்லும் அத்தகையதே. 'பூட்டுவது வழக்கம்' என்றால் அது இன்றைய வழக்கம். 'பூட்டுவது வழக்கமாயிருந்தது' என்றால் அது பழைய வழக்கம். காலத்தைக் காட்டுவது பின்னால் வரும் வினையேயன்றி, 'வழக்கம்' என்ற சொல் அன்று.

ஆங்கிலத் தொடரோ காலத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 'யூஸ்ட் டு' என்றவுடன் இரண்டு செய்திகள் ஒருங்கே சொல்லப்பட்டு விடுகின்றன. முன்னர் அது வழக்கமாய் நடந்தது என்பது முதலாவது. இப்பொழுது அது நடைபெறுவதில்லை என்பது இரண்டாவது. இரண்டாவது செய்தி எழுத்தில் இல்லை. ஆயினும் ஆங்கிலேயன் காதில் அது தெளிவாகக் கேட்கும். என் குறிப்பேட்டில் முதலாவது செய்தியை எழுதி, இரண்டாவதை விட்டுவிட்டேன்.

இத்தொடருக்குச் சரியான எடுத்துக்காட்டு எம் நாட்டின் பெயரிலேயே இருக்கிறது. 1972 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆந் திகதி இந்நாடு குடியரசாகி, ஆங்கிலத்திலும் ஸ்ரீ லங்கா என்னும் பெயரைப் பெற்றது. அதற்கு முன்னர் ஆங்கிலத்தில் அதன் பெயர் சிலோன். ஆகவே, 'ஸ்ரீ லங்கா யூஸ்ட் டு பி கோல்ட் சிலோன்' என்று எழுதுதல் முற்றும் பொருந்தும். முன்னர் அவ்வாறு அழைக்கப்பட்டது. இன்று அது நாட்டின் பெயரன்று. மற்றொன்று காண்போம். எமது மலைநாட்டின் தலையாய பயிர் ஒரு காலத்தில் கோப்பியாக இருந்தது. 1869 ஆம் ஆண்டளவில் இலைநோய் பரவியதனாற் கோப்பித் தோட்டங்கள் படிப்படியாக அழிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 'கோப்பி யூஸ்ட் டு பி த சீப் குரொப் ஒவ் த ஹில் கன்ட்ரி' என்றால், கோப்பியின் சிறப்பும் அதன் வீழ்ச்சியும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. தேயிலையைப் பற்றி இவ்வாறு எழுதினால், தேயிலைத் தோட்டங்களும் அழிந்துவிட்டன என்று பொருளாகும்.

ஆகவே மாணவர்களுக்கு நான் இப்பொழுது ஓர் எளிய சோதனையைச் சொல்லிக் கொடுக்கிறேன். 'யூஸ்ட் டு' என்று எழுதியவுடன், வாக்கியத்தின் இறுதியில் 'இப்பொழுது இல்லை' என்று மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தபின்னும் வாக்கியம் உண்மையாக இருந்தால், எழுதியது சரி. பொய்யாகிவிட்டால், எழுதியதை வெட்டிவிடுங்கள். 'நான் நாள்தோறும் களஞ்சியத்தைப் பூட்டுவேன். இப்பொழுது இல்லை' என்று அந்த மாணவர் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தால், அவ்வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்.

அவ்வாறாயின் இன்றைய வழக்கத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது? அதற்குச் சாதாரண நிகழ்கால வினையே போதும். 'ஐ லொக் த ஸ்டோர் எவ்ரி ஈவினிங்' என்பதே அவர் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். வழக்கம் என்பதை வற்புறுத்த வேண்டுமாயின் 'யூஷுவலி' என்றோ, தவறாது செய்வதாயின் 'ஓல்வேஸ்' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாறு நிகழ்காலத்தில் எழுதினால் வெறுமையாகத் தோன்றுகிறதே என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்வதற்கென்றே அமைந்தது அந்நிகழ்கால வடிவம் என்பதை ஆசிரியர்கள் எடுத்துக் காட்டுதல் வேண்டும்.

சென்றகால வழக்கத்தைக் கூறும்போதுங்கூட இத்தொடருக்குச் சில எல்லைகள் உள. எத்தனை முறை என்ற எண்ணிக்கை வருமிடத்தில் இது பொருந்தாது. 'நான் மூன்று முறை கண்டிக்குப் போனேன்' என்பதை 'ஐ யூஸ்ட் டு கோ டு கண்டி த்ரீ டைம்ஸ்' என்று எழுதலாகாது. மூன்று முறை போனது நிகழ்ச்சி, வழக்கமன்று. 'ஐ வென்ட்' என்றாலே போதும். அவ்வாறே, இத்தனை ஆண்டுகள் என்ற கால அளவோடும் இதனைச் சேர்த்தல் தகாது. 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் காலி' என்றால், முன்னர் காலியில் வசித்தேன் என்பது பொருள். 'ஐந்து ஆண்டுகள் வசித்தேன்' என்று சொல்ல வேண்டுமாயின், 'ஐ லிவ்ட் இன் காலி போர் பைவ் இயர்ஸ்' என்று சாதாரண இறந்தகாலத்திற் சொல்லுதல் வேண்டும்.

சற்று முன்னர் 'போவார்' என்ற தமிழ் வடிவத்தைக் கூறினேன். அதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் ஆங்கிலத்திலும் உண்டு. 'வுட்' என்னும் துணைவினையே அது. பாட்டனாரின் கதையைச் சொல்லத் தொடங்கியபின், 'ஹி வுட் வோக் டு கதிர்காமம் எவ்ரி இயர்' என்று தொடரலாம். இதுவும் பழைய வழக்கத்தையே குறிக்கும். ஆனால் 'வுட்' என்பது திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கே உரியது. நிலைபேற்றைச் சொல்ல அதற்கு உரிமையில்லை. எங்கள் பாடசாலை வாயிலில் முன்னர் ஒரு புளியமரம் நின்றது. அதைச் சொல்ல 'தேர் யூஸ்ட் டு பி எ டமரிண்ட் ட்ரீ அட் த கேட்' என்றே எழுத வேண்டும். அங்கே 'வுட் பி' என்று எழுதினாற் பொருள் மாறிவிடும்.

எதிர்மறையும் வினாவும் ஆக்கும்போது மாணவர் தடுமாறுவதுண்டு. 'டிட்' என்னும் துணைவினை வந்தவுடன் இறந்தகாலம் அதனிடம் போய்விடுகிறது. ஆகவே 'யூஸ்ட்' என்பதன் இறுதி எழுத்தாகிய 'டி' எழுத்திற் கைவிடப்படும். 'டிட் யூ யூஸ் டு லிவ் இன் காலி?' என்பதும், 'ஐ டிட் நொட் யூஸ் டு லிவ் இன் காலி' என்பதும் இன்று இலக்கண நூல்கள் பரிந்துரைக்கும் வடிவங்கள். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்பதால் ஆங்கிலேயரே எழுத்தில் இடறுவதுண்டு. 'யூஸ்ட் நொட் டு' என்னும் பழைய முறை எதிர்மறையும் பிழையன்று. ஆயினும் அது இப்பொழுது அருகிவிட்டது.

இனி, இதே ஒலியுடைய மற்றொரு தொடருக்கு வருவோம். 'ஐ ஆம் யூஸ்ட் டு' என்று தொடங்குவது அது. 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வொஸ்' முதலிய சொற்களுள் ஒன்று முன்னே வந்து நின்றவுடன் பொருள் முற்றும் வேறாகிவிடுகிறது. இது வழக்கத்தைச் சொல்வதன்று; பழக்கத்தைச் சொல்வது. 'ஐ ஆம் யூஸ்ட் டு த ஹீட்' என்றால், 'வெயில் எனக்குப் பழகிவிட்டது' என்பது பொருள். தமிழில் வெயில் எழுவாயாய் நிற்கிறது. எனக்கு என்பது நான்காம் வேற்றுமையில் வருகிறது. ஆங்கிலத்தில் நான் எழுவாய். வெயிலே 'டு' என்பதைப் பெறுகிறது. இம்மாற்றத்தைக் கவனியாத மாணவன் 'த ஹீட் இஸ் யூஸ்ட் டு மீ' என்று எழுதிவிடுவான். வெயில் அவனைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டது என்று அதற்குப் பொருளாகும்!

இவ்விரண்டாவது தொடரில் வரும் 'டு' என்பதன் தன்மையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். முதலாவது தொடரில் 'டு' என்பதன் பின்னால் வினையடி வரும்: 'யூஸ்ட் டு வோக்.' இரண்டாவதிலோ, 'டு' என்பது எமது 'கு' உருபைப் போன்றது. 'கு' உருபு பெயரையே சாரும். 'நட' என்னும் வினையடியோடு 'கு' சேர்வதில்லை. 'நடப்பது' என்று தொழிற்பெயராக்கி, 'நடப்பதற்கு' என்கிறோம். ஆங்கிலத்திலும் அவ்வாறே. 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்' என்பது பிழை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்' என்பதே சரி. நடந்து பழகியவன் என்பது அதன் கருத்து. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமையும் தொழிற்பெயரும் கற்ற மாணவனுக்கு இதனை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். தாய்மொழி இலக்கணத்தை நன்கு கற்றவனுக்கு அயன்மொழி இலக்கணம் எளிதாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒருவன் கிராமத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் நகரத்தின் இரைச்சல் அவனை உறங்கவிடாது. அப்பொழுது அவன் எழுதுவது: 'ஐ ஆம் நொட் யூஸ்ட் டு த நொய்ஸ்.' நாளடைவிற் பழகிக்கொண்டு வருகிறான்: 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்.' ஓராண்டின்பின் இரைச்சல் அவனுக்கு ஒரு பொருட்டன்று: 'ஐ ஆம் யூஸ்ட் டு இட் நவ்.' பல ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பி, முற்றத்திற் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு பழைய கதை சொல்லும்போது: 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் கொழும்பு.' ஒரே மனிதனின் வாழ்வில் இரு தொடர்களும் தத்தமக்குரிய இடத்தில் வந்துவிட்டன. வழக்கம் முடிந்ததைச் சொல்வது ஒன்று. பழக்கம் வாய்த்ததைச் சொல்வது மற்றொன்று. 'வ'கரத்துக்கும் 'ப'கரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இரண்டையும் மயங்காது வழங்கலாம்.

மூன்றாவதாக, எழுத்தில் இவற்றை ஒத்த மற்றொன்றும் உண்டு. 'எ நைப் இஸ் யூஸ்ட் டு கட் பிரெட்' என்கிறோம். கத்தி பாண் வெட்டப் பயன்படுகிறது என்பது பொருள். இங்கே வருவது, பயன்படுத்துதல் என்னும் பொருள்தரும் சாதாரண வினையின் செயப்பாட்டு வடிவம். ஏட்டில் வேறுபாடு தெரியாது; நாவில் தெரியும். கத்தியைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் வரும் மெய்யொலி வண்டின் ரீங்காரம்போல் அதிர்ந்து ஒலிக்க வேண்டும். அதன் பின் வரும் 'டி'யும் மென்மையாய் ஒலிக்கும். முன்னர் கூறிய இரு தொடர்களிலோ அந்த அதிர்வில்லை. பாம்பின் சீற்றம்போன்ற 'ஸ்' என்னும் ஒலியே உண்டு. 'டி'யும் 'டு'வும் ஒன்றோடொன்று கலந்து, ஏறக்குறைய ஒரே சொல்லாக ஒலிக்கும். ஆசிரியர்கள் வகுப்பில் இவற்றை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவார்களாயின் மாணவர் செவிவழியே வேறுபாட்டை அறிந்துகொள்வர்.

எங்கள் மாணவர் செய்யும் பிழையை ஆங்கிலத்துக்கு அறவே புறம்பானது என்று இகழ்தலும் ஆகாது. பழைய ஆங்கிலத்தில் இத்தொடருக்கு நிகழ்காலமும் இருந்தது. 1611 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பின் 119 ஆம் சங்கீதத்தில், இன்றும் நடைபெறும் வழக்கத்தைக் குறிக்க இவ்வினை நிகழ்காலத்திலேயே ஆளப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் அந்நிகழ்கால வழக்கு மறைந்தது. இறந்தகாலம் மட்டும் எஞ்சியது. ஒரு காலத்தில் வழங்கியது, இன்று வழங்குவதில்லை. 'யூஸ்ட் டு' என்னும் தொடரின் வரலாறே 'யூஸ்ட் டு' என்னும் பொருளுக்கு எடுத்துக்காட்டாய் அமைந்துவிட்டது.

ஆகவே, ஒரு தொடரை ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நேரே எழுதி வைத்துவிட்டால் அதனைக் கற்பித்ததாகாது. ஏ. எஸ். ஹோர்ன்பி என்னும் ஆங்கில அறிஞர் யப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அயன்மொழியாக ஆங்கிலம் கற்போருக்கென்றே அவரும் அவருடைய துணைவர்களும் தொகுத்த அகராதி 1942 ஆம் ஆண்டு டோக்கியோவில் வெளிவந்தது. 1948 ஆம் ஆண்டு முதல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. சொல்லின் பொருளைக் கூறியதோடு நில்லாமல், ஒவ்வொரு வினையும் எவ்வகை வாக்கியத்தில், எதனோடு சேர்ந்து வரும் என்பதையும் அது காட்டியது. மாணவர்களை நாள்தோறும் கண்டு பழகிய ஆசிரியர் ஒருவரின் அனுபவம் அதிலே தெரிகிறது. சொல்லுக்குச் சொல் எழுதி வைத்த என் குறிப்பேட்டில் இல்லாதிருந்தது அதுவே.

இன்று எங்கள் பாடசாலையில் இத்தொடரைக் கற்பிக்கும் முறை வேறு. கரும்பலகையை நடுவே ஒரு கோட்டாற் பிரிப்போம். இடப்பக்கத்தில் 'அன்று' என்றும் வலப்பக்கத்தில் 'இன்று' என்றும் எழுதுவோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஓர் உண்மையைக் கொண்டுவரும். 'அன்று அம்மம்மா அம்மியில் அரைத்தார், இன்று அரைப்பதில்லை.' 'அன்று நான் இருட்டுக்கு அஞ்சினேன்; இன்று அஞ்சுவதில்லை.' இரண்டு பக்கமும் நிறைந்த பின்னரே ஆங்கில வாக்கியத்தை எழுதவிடுவோம். வலப்பக்கம் வெறுமையாய் இருந்தால் 'யூஸ்ட் டு' எழுதுவதற்கு அனுமதியில்லை. இந்த ஒரு விதியால் பிழைகள் பெரிதும் குறைந்திருப்பதைக் காண்கிறேன்.

அலுவலகங்களிற் பணிபுரியும் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரும் பதவியும் சார்ந்த ஒரு செய்தியை எழுதும்போது, எந்த மொழியில் உங்கள் கருத்து ஐயமின்றி விளங்குமோ அந்த மொழியில் எழுதுங்கள். தமிழில் எழுதுவது குறைவன்று. ஆங்கிலத்தில் எழுத வேண்டி நேர்ந்தால், குறுகிய வாக்கியங்களாக எழுதி, ஒவ்வொரு வினையின் காலத்தையும் விரல்வைத்துப் பாருங்கள். கடிதத்தை வாசிப்பவர் உங்கள் முகத்தைக் காண்பதில்லை. நீங்கள் எண்ணியதையும் அறியார். எழுதியிருப்பதையே அறிவார்.

அந்த மாணவரின் முடிவை அறிய நீங்கள் விரும்புவீர்கள். அவருடைய வாக்கியத்திற்கு அவர் கருதிய பொருள் யாது, தமிழ் மாணவர் அவ்வாறு எழுதுவதற்குக் காரணம் யாது என்பவற்றை விளக்கி நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவ்வாறு எழுதக் கற்பித்தவன் நானே என்பதையும் அதில் மறையாது குறிப்பிட்டேன். நேர்முக விசாரணையில் அவர் தமிழிலேயே வாக்குமூலம் அளித்தார். திறப்புப் பதிவேட்டை வருவித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு நாள் மாலையும் களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பை ஒப்படைத்ததற்கு அவருடைய கையெழுத்து இருந்தது, ஒருநாளும் தவறவில்லை. நான்கு மாதங்களின்பின் அவர் மீண்டும் பணியில் அமர்ந்தார். அந்த நான்கு மாதமும் அவர் வீட்டில் உலை கொதித்தது அவர் தாயாரின் தையற்பொறியினால்.

என் பழைய குறிப்பேட்டின் அப்பக்கத்தை நான் கிழித்தெறியவில்லை. 'வழக்கம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'முன்னைய' என்றும், பின்னால் 'இப்பொழுது இல்லை' என்றும் சிவப்பு மையினால் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வரும் ஆங்கில ஆசிரியர் எவருக்கும் முதலில் அப்பக்கத்தையே காட்டுகிறேன்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் இன்றிரவு பாடம் எழுதும்போது அருகிலிருந்து, 'யூஸ்ட் டு' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்படி கேளுங்கள். சொன்னபின், 'இப்பொழுது?' என்று ஒரு சொல் வினவுங்கள். 'இப்பொழுது இல்லை' என்று விடை வந்தால், பிள்ளை அத்தொடரைக் கற்றுக்கொண்டது என்று நீங்கள் மகிழலாம்.